கிணற்றுக்குள் இறங்கும் வெப்பமானி: புவிவெப்பக் கிணறுகளில் வெப்பநிலையும் அழுத்தமும் அளக்கப்படும் முறை

உதகமண்டலத்தில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டால், குழாயிலிருந்து விழும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். வாளியின் மேல் மெல்லிய ஆவியும் எழும். மேல்தொட்டியில் இரவெல்லாம் நின்ற தண்ணீரோ விரலை மரத்துப்போகச் செய்யும். இதைக் கண்டவர்கள் மலைக்கு அடியில் வெந்நீர் இருக்கிறது என்றும், "இன்னும் ஆயிரம் அடி இறக்கினால் சுடுதண்ணீரே வரும், அதில் கரண்டும் எடுக்கலாம்" என்றும் பேசுவதுண்டு. புவிவெப்ப மின்சாரம் பற்றிய செய்தி எதுவும் வந்தால் இப்பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். எங்கோ ஒரு நாட்டில் இத்தனை ஆழத்தில் இத்தனை டிகிரி கிடைத்தது என்ற ஒற்றை எண், கேட்டவர் வாயெல்லாம் புகுந்து வரும்.

அந்த ஒற்றை எண்தான் குழப்பத்தின் ஊற்று. கிணற்றின் அடியில் அளந்த வெப்பநிலையோடு, அதே இடத்தில் நிலவும் அழுத்தமும், தோண்டி முடித்து எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்ற விவரமும் சேர்ந்து வராவிட்டால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் தெரிந்துவிடும் என்று தோன்றும் இவ்வேலை, ஏன் அவ்வளவு எளிதாக முடிவதில்லை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பனிக்காலத்து வெதுவெதுப்பு

முதலில் உதகைத் தண்ணீரின் கணக்கை முடித்துவிடலாம். நிலத்தின் மேற்பரப்பு பகலில் சூடேறி இரவில் குளிர்கிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதற்குள் மங்கிவிடும். கோடை, குளிர் என்ற ஆண்டுச் சுழற்சி இன்னும் கீழே எட்டும் என்றாலும், பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அதுவும் அடங்கிவிடும். அதற்குக் கீழே உள்ள பாறை, அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி, எல்லா மாதங்களிலும் ஒரே நிலையில் இருக்கும். உதகையில் அச்சராசரி 14, 15 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ளது. ஆகவே 600 அடி ஆழத்துத் தண்ணீர் 16, 17 டிகிரியில் வருவது இயல்பு. வெளிக்காற்று இரண்டு டிகிரியில் இருக்கும் காலையில் அது வெந்நீர்போலத் தோன்றும். ஏப்ரல் மதியத்தில் அதே தண்ணீரைச் சில்லென்று இருக்கிறது என்று சொல்வோம். எழும் ஆவிக்கும் காரணம் குளிர்ந்த காற்றே.

கீழே போகப் போக வெப்பம் கூடும் என்பது மட்டும் உண்மை. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் எத்தனை டிகிரி கூடும் என்ற கணக்குக்கு வெப்ப ஏறுவீதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்டங்களின் பெரும்பாலான பகுதிகளில் இது 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும். எரிமலைகளும் நிலத்தட்டுகளின் விளிம்புகளும் உள்ள நாடுகளில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அத்தகைய இடங்களில் ஓரிரு கிலோமீட்டர் ஆழத்திலேயே 200, 300 டிகிரி வெப்பமுள்ள நீர் பாறைப் பிளவுகளில் நிறைந்திருக்கும். அதை எட்டுவதற்காகத் துளைக்கப்படுவதே புவிவெப்பக் கிணறு. இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-இல் நிலத்து நீராவியைக் கொண்டு சில மின்விளக்குகளை எரியவைத்ததில் தொடங்கி, நியூசிலாந்தின் வைராக்கே, ஐஸ்லாந்து, கென்யாவின் ஒல்காரியா எனப் பல இடங்களில் இம்முறையில் மின்சாரம் எடுக்கப்படுகிறது. இந்தியாவில் அதிகம் பேசப்படும் இடம் லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கு.

குக்கரிலிருந்து தொடங்கலாம்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடலோர ஊர்களுக்குத்தான் பொருந்தும். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. கொடைக்கானலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். மலையில் துவரம்பருப்பு வேக மறுப்பதற்கு இதுவே காரணம்.

குக்கர் இதைச் சமாளிக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மூடியும் வெயிட்டும் சேர்ந்து ஆவியை வெளியேறவிடாமல் அடக்குவதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் ஏறும். அழுத்தத்தை அளக்கப் பார் என்ற அலகைப் பயன்படுத்துவார்கள். கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். வெயிட் அதன்மேல் இன்னொரு பார் அளவுக்கு அடக்கிவைக்கிறது. அதனால் சென்னையில் குக்கருக்குள் இரண்டு பார் அழுத்தமும் சுமார் 120 டிகிரி வெப்பமும் இருக்கும். உதகையில் வெளிக்காற்றே 0.77 பார் அளவில்தான் அழுத்துகிறது என்பதால், அதே குக்கருக்குள் 1.8 பாரும் 117 டிகிரியும்தான் கிடைக்கும். சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடுதலாக ஒரு விசில் விடுவது இந்த மூன்று டிகிரிக்காகத்தான்.

புவிவெப்பக் கிணற்றில் வெயிட்டின் வேலையைச் செய்வது மேலே நிற்கும் தண்ணீரின் எடை. ஆழம் கூடக் கூட எடையும் கூடும்; ஆகவே ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு கொதிநிலை உண்டு. மேலிருந்து கீழ்வரை கொதிநிலையிலேயே நிற்கும் ஒரு நீர்த்தம்பத்தை எடுத்துக்கொண்டால், 100 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 180 டிகிரி வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 290 முதல் 300 டிகிரி வேண்டும். இப்படி ஆழத்துக்கு ஆழம் கொதிநிலையைக் குறித்து வரைந்த கோட்டைக் கொதிகோடு என்று அழைப்போம். இந்தத் துறையில் எந்த அளவீட்டைப் படிப்பதானாலும் இக்கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிணற்றின் ஓர் இடத்தில் 240 டிகிரி என்று கருவி காட்டுகிறது. அங்கே அழுத்தம் 60 பார் என்றால், கொதிக்க 275 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே உள்ளே இருப்பது கொதிக்காத திரவ நீர். அழுத்தம் ஏறத்தாழ 33 பார் என்றால், நீரும் ஆவியும் கலந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. 20 பார்தான் என்றால், தண்ணீரே இல்லை, உலர்ந்த நீராவி மட்டுமே உள்ளது. மூன்றும் வெவ்வேறு கிணறுகள்; அவற்றிலிருந்து வெளியே எடுக்கத்தக்க ஆற்றலும், அதற்கு வேண்டிய இயந்திரமும் வேறு வேறு. தெர்மாமீட்டர் மட்டும் இறங்கியிருந்தால் மூன்றுக்கும் ஒரே எண்தான் மேலே வந்திருக்கும்.

பூகாவையும் இதே கண்ணால் பார்க்கலாம். அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் அதிகபட்சம் 84 டிகிரி என்று படிப்பவர், கொதிக்கும் அளவுக்குக்கூட வரவில்லையே என்று எண்ணக்கூடும். கடல்மட்டத்திற்கு மேல் 4,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே அந்த ஊற்று தன் ஊரின் கொதிநிலையில்தான் நிற்கிறது. தரைமட்டத்தில் அதற்கு மேல் சூடாக அதனால் இயலாது. அடியில் எவ்வளவு வெப்பம் என்று அறியத் துளைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே பல துளைகளை இட்டு, நூறு டிகிரியைத் தாண்டிய வெப்பத்தை ஆழம் குறைந்த இடங்களிலேயே கண்டறிந்தது.

இதுவரை கண்டது: அழுத்தம் கொதிநிலையை நிர்ணயிக்கிறது, அழுத்தம் தெரியாமல், அளந்த வெப்பநிலை நீரினுடையதா ஆவியினுடையதா என்று சொல்ல முடியாது.

தண்ணீரின் எடை மாறிக்கொண்டே இருக்கும்

அப்படியானால் ஆழத்தைக் கொண்டே அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாமே, அதற்கு ஒரு கருவி எதற்கு என்று கேட்கலாம். குளிர்ந்த நீரானால் கணக்கிடலாம். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார். பைக்காரா நீர்மின் திட்டத்தில் 1932 முதல் மலையுச்சியிலிருந்து சிங்காரா மின்நிலையத்திற்கு 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது; அந்தக் குழாயின் அடியில் 90 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும் என்பதைப் பொறியாளர் அல்லாதவரும் சொல்லிவிடலாம்.

சூடான நீரில் இக்கணக்கு தப்பும். தண்ணீர் சூடேறும்போது விரிந்து, அடர்த்தி குறைந்து, எடை குறைகிறது. ஒரு கனமீட்டர் குளிர்ந்த நீரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. 250 டிகிரியில் அது 800 கிலோதான். ஆகவே ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள குளிர்ந்த நீர்த்தம்பம் அடியில் 98 பார் அழுத்தம் தரும். அதே உயரத்தில் 250 டிகிரி நீர் நின்றால் 78 பார்தான் தரும். வித்தியாசம் 20 பார். இடையில் எங்காவது ஆவிக்குமிழிகள் இருந்தால் இன்னும் குறையும். அழுத்தம் தெரியாமல் வெப்பநிலைக்குப் பொருள் இல்லை என்று முன்பு கண்டோம். வெப்பநிலை தெரியாமல் அழுத்தத்தையும் கணக்கிட இயலாது என்று இப்போது தெரிகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கருவிக்குள் என்ன இருக்கிறது

கிணற்றுக்குள் இறக்கும் கருவி பார்ப்பதற்கு நீண்ட எஃகுக் கம்பிபோல இருக்கும்: கைப்பிடிக்குள் அடங்கும் விட்டம், ஆள் உயரமோ அதற்கு மேலோ நீளம். கிணற்றின் குழாய்க்குள் எங்கும் சிக்காமல் இறங்க வேண்டும் என்பதால் இந்த ஒல்லி வடிவம்.

வெப்பத்தை உணர்வது பெரும்பாலும் பிளாட்டினக் கம்பி. சூடேறும்போது பிளாட்டினத்தின் மின்தடை ஒரே சீராகக் கூடும். பூஜ்ய டிகிரியில் 100 ஓம் இருக்குமாறு செய்த கம்பி, 100 டிகிரியில் 138.5 ஓமும், 300 டிகிரியில் 212 ஓமும் காட்டும். மின்தடையை அளந்தால் வெப்பநிலை கிடைத்துவிடும். பிளாட்டினம் விலை மிகுந்ததாயினும், வெப்பத்தாலும் அரிப்பாலும் தன் குணத்தை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்பதால் அதையே நம்புகிறார்கள்.

அழுத்தத்தை உணர இரு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில், மெல்லிய தகடு ஒன்று அழுத்தத்தால் இம்மியளவு வளைய, அதில் ஒட்டியுள்ள மின்தடைகள் அந்த வளைவை உணரும். மற்றொன்றில், குவார்ட்ஸ் படிகம் ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். வெளியழுத்தம் அதை நெருக்கும்போது அதிர்வெண் மாறும். குவார்ட்ஸின் நுட்பம் வியப்பூட்டுவது. ஆனால் வெப்பம் மாறினாலும் அதன் அதிர்வெண் மாறும் என்பதால், பக்கத்திலேயே ஒரு வெப்பமானியை வைத்து அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். அழுத்தமும் வெப்பமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் வருவது கருவிக்குள்ளும் தொடர்கிறது.

உண்மையான தலைவலி உணரிகளில் இல்லை. அவற்றின் பின்னால் இருக்கும் மின்னணுச் சுற்றில்தான் இருக்கிறது. நினைவகச் சில்லுகளும் பேட்டரியும் 150 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. கிணற்றிலோ 300 டிகிரி. எனவே சுற்றை ஒரு வெற்றிட உறைக்குள் வைத்து மூடுகிறார்கள். இரட்டைச் சுவர்களுக்கு நடுவிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெப்பம் எளிதில் கடக்காது. தேநீர் பிளாஸ்க் வேலை செய்வதும் இதே முறையில்தான், இங்கே சூடு வெளியே, குளிர்ச்சி உள்ளே. ஆயினும் உறை வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றாகத் தடுக்காது. சில மணி நேரத்தில் உள்ளேயும் சூடேறிவிடும். அதற்குள் இறக்கி, அளந்து, மேலே இழுத்துவிட வேண்டும். கருவி கிணற்றுக்குள் சென்ற கணத்திலிருந்து மேலே நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்பு இத்தொல்லையே இல்லை என்பது ஒரு வேடிக்கை. அமெரடா, கஸ்டர் என்ற பெயர்களில் அறியப்பட்ட பழைய கருவிகள் முழுக்க முழுக்க இயந்திரம்: சாவி கொடுத்த கடிகாரம் ஒன்று, மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிய சிறு உருளையை மெதுவாக நகர்த்தும், சுருள்குழாய் ஒன்று அழுத்தம் ஏற ஏற விரிந்து, தன் முனையிலுள்ள ஊசியால் அந்தத் தாளில் கீறும். மேலே வந்தபின் தாளைப் பிரித்து, கீறல் அடிக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று உருப்பெருக்கியின் கீழ் வைத்து அளப்பார்கள். தலைமயிர் அளவு பிசகும் அழுத்தக் கணக்கில் பிசகாகிவிடும். எனினும் மின்சுற்று எதுவும் இல்லாததால் கருகுவதற்கும் ஒன்றும் இல்லை. பல பெரிய புவிவெப்ப வயல்களின் முதல் வரைபடங்கள் இந்தக் கீறல்களிலிருந்து உருவானவையே.

இறக்கும் முறை

கிணற்றின் வாயில் பெரிய வால்வு ஒன்று இருக்கும். அதன் கீழே அழுத்தத்தோடு ஆவி நிற்கலாம். ஆகவே கருவியைத் திறந்த வாயில் போட முடியாது. வால்வின் மேல் ஒரு நீண்ட குழாயைப் பூட்டி, அதற்குள் கருவியை நிறுத்தி, உச்சியில் கம்பி நுழையும் துளையை இறுக்கமாக அடைத்தபின்தான் வால்வைத் திறப்பார்கள். உள்ளிருக்கும் அழுத்தம் மெல்லிய கம்பியைக்கூட வெளியே தள்ளப் பார்க்கும் என்பதால், கருவியோடு கனமான எஃகுத் தண்டுகளைச் சேர்த்து எடை ஏற்றுவார்கள். முதல் முறை உண்மைக் கருவியை இறக்குவதும் இல்லை. அதே அளவுள்ள வெறும் உலோகத் தண்டை விட்டு, குழாய் நெளிந்திருக்கிறதா, சுண்ணப்படிவு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். விலை உயர்ந்த கருவி உள்ளே சிக்கிக்கொண்டால், கருவி மட்டுமல்ல, கிணறே பயன்படாமல் போகக்கூடும்.

கம்பி ஒரு வின்ச்சிலிருந்து, அளவுச் சக்கரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதிலிருந்து ஆழம் தெரியும். கம்பிக்குள் மின்கடத்தி இருந்தால் அளவுகள் உடனுக்குடன் மேலே வரும். வெறும் எஃகுக் கம்பியானால் கருவி தன் நினைவகத்தில் நேரத்தையும் அளவையும் மட்டும் பதித்துக்கொள்ளும். எந்த நேரத்தில் எந்த ஆழம் என்பதை மேலே உள்ள பதிவோடு பின்னர் பொருத்த வேண்டும். நிமிடத்திற்கு 30 மீட்டர் வேகத்தில் இறங்கும்போது இரு கடிகாரங்களுக்கும் ஒரு நிமிட வேறுபாடு இருந்தால், எல்லா அளவுகளும் 30 மீட்டர் தள்ளி விழும். கம்பியும் சூட்டில் நீளும்: 2,000 மீட்டர் எஃகுக் கம்பி சராசரியாக 150 டிகிரி சூடேறினால் 3.6 மீட்டர் கூடுதலாகும். எடையால் இழுபடுவது தனி.

வேகமும் முக்கியம். பிளாட்டினக் கம்பி எஃகு உறைக்குள் இருப்பதால், சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும். அவசரமாக இறக்கினால், கருவி எப்போதும் சற்று மேலே விட்டுவந்த நீரின் வெப்பத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் மெதுவாக இறக்குவார்கள், அல்லது குறித்த ஆழங்களில் சில நிமிடம் நிறுத்தி நிறுத்தி அளப்பார்கள். பெரும்பாலும் இறங்கும்போது எடுத்த அளவையே நம்புவார்கள். ஏறும்போது கருவியே கிணற்று நீரைக் கலக்கியிருக்கும்.

கிணற்றின் வெப்பம் பாறையின் வெப்பம் அன்று

மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பகுதிதான் என்பது என் எண்ணம். துளையிடும்போது வாரக்கணக்கில் குளிர்ந்த நீரையோ சேற்றுக்குழம்பையோ உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பார்கள்; துளைக்கும் முனையைக் குளிர்விக்கவும், பாறைத்தூளை மேலே கொண்டுவரவும் அது தேவை. அதனால் கிணற்றைச் சுற்றியுள்ள பாறை வெகுவாகக் குளிர்ந்துவிடும். வேலை முடிந்த மறுநாள் அளந்தால் கிடைப்பது குளிர்விக்கப்பட்ட கிணற்றின் வெப்பநிலை. பாறை தன் இயல்பு நிலைக்குத் திரும்ப வாரங்களும், சில நேரம் மாதங்களும் ஆகும்.

ஆகவே ஒரு முறை அளப்பது போதாது. கிணற்றை மூடிவைத்து, ஒரு நாள், சில நாள், சில வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் மீண்டும் இறக்கிப் பார்ப்பார்கள். ஆழம் கீழ்நோக்கியும் சூடு வலப்புறமாகவும் கூடும்படி அந்த அளவுகளைக் கோடாக வரைந்தால், ஒவ்வொரு முறையும் கோடு வலப்புறம், அதாவது சூட்டின் பக்கம், நகரும். எல்லா ஆழங்களும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதில்தான் செய்தியே அடங்கியிருக்கிறது. பிளவுகள் நிறைந்த பாறை துளையிடும் காலத்தில் ஏராளமான குளிர்நீரைக் குடித்திருக்கும். அது சூடேற நெடுநாள் பிடிக்கும். பிளவற்ற பாறை அவ்வளவு நீரை உள்வாங்காததால் விரைவில் சூடேறிவிடும். எந்த ஆழம் பிடிவாதமாகக் குளிர்ந்தே நிற்கிறதோ, அங்கேதான் கிணற்றுக்கு நீர் தரும் பிளவு இருக்கும் வாய்ப்பு அதிகம். நீர் உள்ளே வரும் அந்த இடத்தை ஊட்டுவாய் என்று வைத்துக்கொள்வோம்.

அழுத்தமும் இதையே வேறு விதமாகச் சொல்லும். ஊட்டுவாயில் மட்டுமே கிணற்று நீரும் வெளிப்பாறையின் நீரும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆகவே அங்கே அழுத்தத்தை நிர்ணயிப்பது வெளிப்பாறையின் பிளவுகளில் தேங்கி நிற்கும் நீர், அதாவது நிலத்தடித் தேக்கம், அதன் அழுத்தம் எளிதில் மாறாது. கிணற்றில் நிற்கும் நீரோ நாளுக்கு நாள் சூடேறி இலேசாகிறது. விளைவாக, ஊட்டுவாய்க்கு மேலே ஒவ்வோர் ஆழத்திலும் அழுத்தம் சற்றே ஏறும், கீழே சற்றே இறங்கும், ஊட்டுவாயில் மட்டும் அப்படியே நிற்கும். பல வாரங்களில் எடுத்த அழுத்தக் கோடுகளை ஒரே தாளில் வரைந்தால், அவையெல்லாம் ஓர் ஆணியில் மாட்டியவைபோல ஒரே புள்ளியில் குறுக்கிடும். அப்புள்ளிதான் தேக்கத்தின் உண்மையான அழுத்தம். கிணற்றின் மற்ற இடங்களில் அளந்த அழுத்தம் எல்லாம் கிணற்றுக்குள் நிற்கும் நீரின் எடையைச் சொல்லுமே தவிர, பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு கற்பனைக் கிணற்றை வைத்துக் கணக்கிடலாம். ஊட்டுவாய் 1,200 மீட்டரில். அங்கே தேக்கத்தின் அழுத்தம் 90 பார். கிணறு குளிர்ந்திருக்கும்போது 90 பாருக்கு ஈடுகொடுக்க ஏறத்தாழ 920 மீட்டர் உயரத் தண்ணீர் போதும்; ஆகவே நீர்மட்டம் தரையிலிருந்து 280 மீட்டர் கீழே நிற்கும். சூடேறி, நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 850 கிலோவாகக் குறைந்தபின், அதே 90 பாருக்கு 1,080 மீட்டர் உயரம் தேவை. நீர்மட்டம் தானாகவே தரைக்கு 120 மீட்டர் கீழே உள்ள இடம்வரை ஏறிவிடும். மழையும் பெய்யவில்லை, ஊற்றும் பெருகவில்லை. சூடு மட்டுமே காரணம். நீர்மட்டத்தை மட்டும் நூல்விட்டு அளந்தவர், கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது என்றே எழுதிவைப்பார்.

ஐஸ்லாந்தின் ரேக்யனேஸ் பகுதியில் 4,659 மீட்டர் ஆழத்திற்குத் துளைத்து 2017 ஜனவரியில் முடித்த கிணற்றின் அடியில் சுமார் 427 டிகிரியும் 340 பாரும் அளக்கப்பட்டன. தூய நீருக்கு 374 டிகிரியையும் 221 பாரையும் தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போகும். அந்த எல்லையைக் கடந்த அளவு என்பதால் உலகெங்கும் செய்தியானது. செய்திகளில் அவ்வளவாக இடம்பெறாத விவரம், குளிர்நீர் செலுத்தியபின் கிணறு முழுமையாகச் சூடேறுவதற்கு முன்பே அந்த அளவு எடுக்கப்பட்டது என்பது. பாறையின் உண்மை வெப்பம் அதைவிடக் கூடுதல் என்றே ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இப்பகுதியின் சாரம்: புதுக் கிணற்றின் வெப்பநிலைக்கு ஒரு தேதி உண்டு, தேக்கத்தின் அழுத்தம் ஊட்டுவாயில் மட்டுமே தெரியும்.

கோட்டின் வடிவம்

முழுதும் சூடேறிய கிணற்றின் வெப்பநிலையை ஆழத்துக்கு எதிராக வரைந்தால், அதன் வடிவமே பலவற்றைச் சொல்லிவிடும். சீராகச் சாய்ந்து இறங்கும் நேர்கோடு, நீரோட்டம் இல்லாத, பாறை வழியே மட்டும் வெப்பம் கடந்து வரும் பகுதி. நூற்றுக்கணக்கான மீட்டருக்கு வெப்பம் மாறாமல் செங்குத்தாக நிற்கும் கோடு, நீர் மேலும் கீழும் சுழன்று கலந்துகொண்டிருக்கும் பகுதி. மின்சாரத்திற்காகத் தோண்டுபவர்கள் தேடுவது இதைத்தான். கொதிகோட்டின் மேலேயே படிந்து இறங்கினால் அந்த நீர் கொதிநிலையில் உள்ளது. ஓரிடத்தில் சூடு உச்சம் தொட்டு, அதற்குக் கீழே குறைந்தால், வெந்நீர் வேறெங்கிருந்தோ பக்கவாட்டில் பாய்ந்துவருகிறது. அந்தக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவதில் பயன் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிணற்றில் இரண்டு ஊட்டுவாய்கள் இருந்தால், ஒன்றில் நுழைந்த நீர் கிணற்றுக்குள்ளேயே ஓடி மற்றொன்றில் வெளியேறக்கூடும். இடைப்பட்ட தூரம் முழுவதும் கோடு செங்குத்தாக நிற்கும். பாறையில் சுழற்சி நடப்பதாகத் தோன்றும். உண்மையில் ஓட்டம் துளைக்குள் மட்டுமே. இதைப் பிரித்தறியச் சில கருவிகளின் அடியில் சிறு சுழலி ஒன்றைப் பொருத்துவார்கள். அது சுழலும் வேகமும் திசையும் உள்ளோட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இதில் என்ன

இம்மலைகளின் உடல் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் கருநிறக் கல்லின் உறவு. மிகப் பழைய காலத்தில் நிலத்தின் ஆழத்தில் உருவானது. யுரேனியம், தோரியம் போன்ற, தாமே வெப்பம் தரும் தனிமங்கள் இதில் மிகக் குறைவு. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் தென்னிந்தியாவின் துளைகளில் வெப்பமானிகளை இறக்கி அளந்ததில், இத்தகைய பாறைப் பகுதிகளில் நிலத்திலிருந்து வெளிவரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 30 முதல் 45 மில்லிவாட் அளவிலேயே இருப்பது தெரிந்தது. கண்டங்களின் சராசரி 65 அளவில் உள்ளது.

இதிலிருந்து வெப்ப ஏறுவீதத்தை வீட்டிலேயே கணக்கிடலாம். வெளிவரும் வெப்பத்தைப் பாறையின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் போதும். 36 மில்லிவாட்டை, இத்தகைய பாறைக்குப் பொருந்தும் 2.6 என்ற கடத்துதிறனால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டிகிரி கிடைக்கும். உதகையில் 15 டிகிரியில் தொடங்கி மூன்று கிலோமீட்டர் துளைத்தாலும் 57 டிகிரியைத்தான் எட்டலாம். "இன்னும் ஆயிரம் அடி" இறக்கினால் கூடுவது நான்கு டிகிரி சொச்சம். கரண்டு எடுப்பது இருக்கட்டும், குளிப்பதற்கே கெய்சர் தேவைப்படும்.

ஆனால் அதே வெப்பமானிக்கு இம்மலைகளில் வேறொரு வேலை இருக்கிறது. கடும்பாறையில் போடும் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பாறை முழுவதிலிருந்தும் ஊறுவதில்லை. ஒன்றிரண்டு பிளவுகளிலிருந்துதான் வருகிறது. ஏறுவீதம் சிறியது என்பதால் இங்கே 300 டிகிரியைத் தாங்கும் கருவி தேவையில்லை, டிகிரியில் நூறில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும் கருவிதான் தேவை. மோட்டாரை எடுத்துவிட்டு, கிணற்றைச் சில நாள் அசையாமல் விட்டு, அத்தகைய கருவியை மெதுவாக இறக்கினால், கோடு சீராகச் சாய்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென மடங்கும். அந்த மடிப்பு உள்ள ஆழத்தில் பிளவு வழியே நீர் நகர்கிறது. மடிப்பு 350 அடியில் இருந்து, அதற்குக் கீழே 800 அடி வரை கோடு ஆடாமல் அசையாமல் நேராக இறங்கினால், மீதமுள்ள 450 அடியில் நீரோட்டம் எதுவும் அதில் பதியவில்லை. அக்கிணற்றை மேலும் ஆழப்படுத்த ரிக் லாரியை அழைக்கும் முன் பார்க்க வேண்டிய தாள் அது.